வல்லூறும் பாறையேறுவோரும்

பாறையேறுதல் ஒரு விளையாட்டென்பதை நம்மவரிற் பலர் இன்னும் ஒப்புவதில்லை. பழனியிலும் திருப்பதியிலும் மலையேறுவோர் புண்ணியம் கருதி ஏறுகின்றனர். தேனெடுப்போர் கயிறு கட்டிப் பாறையில் தொங்குவது வயிற்றின் பொருட்டு. ஒரு பயனுங் கருதாது, செங்குத்தான பாறையில் விரல் நுனியையும் கால் நுனியையுமே பற்றுக்கோடாகக் கொண்டு ஏறி, உச்சியடைந்ததும் இறங்கி மீள்வாரைக் காணின் நமக்கு வியப்பும் சிறிது நகைப்பும் தோன்றும். ஆயினும் மேல்நாடுகளில் இதனை வாழ்நாட் பற்றாகக் கொண்டோர் பல்லாயிரவர். கர்நாடக நாட்டுப் பாதாமியிலும் அம்பியிலும் நம் இளைஞரும் இதிற் பழகி வருகின்றனர். ஆதலின், அவ்விளையாட்டினரிடையே நெடுநாளாக நிகழ்ந்துவரும் ஒரு வழக்கை நம் கல்லூரி மாணவர் அறிந்துகொள்ளுதல் வீணாகாது.

வழக்காவது: வேட்டைப் பறவைகளுட் சில செங்குத்துப் பாறைகளிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. அம்மாதங்களில் அப்பாறைகளில் எவரும் ஏறலாகாதென்று அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பல இடங்களிற் பருவத்தடை விதிக்கப்படுகின்றது. பாறை எல்லார்க்கும் பொது. ஒரு பறவையின் பொருட்டு எம்மைத் தடுப்பது என்ன நீதி என்பார் ஒரு சாரார். மனிதர் கால் படுவதே தீங்கு. பாறையேற்றத்தையே அடியோடு விலக்குக என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் பொருந்தா என்பதும், தடை வேண்டற்பாலதே என்பதும், அத்தடை நிலைபெறுவது ஏறுவோரைத் துணையாகக் கொண்டவழியே என்பதும் என் துணிபு. இதற்குத் தக்க சான்று கலிபோர்னியாவிலுள்ள யோசெமிட்டி தேசியப் பூங்காவாகும்.

அங்கே எல் காப்பிட்டன் என்றொரு கருங்கற்பாறை அடிவாரத்தினின்று ஏறத்தாழ 3,000 அடி உயரம் நேராக எழுந்து நிற்கின்றது. 1958ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலேதான் மனிதர் அதன் முகப்பின் வழியே முதன்முதல் உச்சியை அடைந்தனர். இன்றும் பெரும்பாலோர் பாறையிலேயே தொங்குபடுக்கை கட்டி உறங்கிப் பல நாட்களில் அதனை ஏறி முடிக்கின்றனர். இத்தகைய பாறைகளே பொரி வல்லூறு விரும்பும் இல்லம். அது சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டுவதில்லை. பாறைத்தட்டிற் கிடக்கும் பொடிக்கல்லைக் காலாற் கீறிச் சிறு குழி செய்து, அதில் மூன்று நான்கு முட்டையிட்டு, ஏறக்குறைய 33 நாள் அடைகாக்கும். குஞ்சுகள் பறப்பதற்குப் பின்னும் ஆறு வாரம் ஆகும். இரையின்மேற் பாய்கையில் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவுடன் விழும் இப்பறவைக்கு வானில் நிகரில்லை.

இத்துணை வலிய பறவையை ஒரு பூச்சிமருந்து வீழ்த்திவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் வயல்களிலும் காடுகளிலும் டி. டி. டி. என்னும் மருந்து மிகுதியாகத் தூவப்பெற்றது. அதனைப் பூச்சிகள் உண்ண, பூச்சிகளைச் சிறு பறவைகள் உண்ண, அச்சிறு பறவைகளை வல்லூறு உண்ண, படிக்குப் படி நஞ்சு செறிந்தது. முட்டையோட்டிற்குச் சுண்ணாம்புச் சத்துச் சேர்வதை அது தடுத்தமையால் ஓடு மெலிந்தது. அடைகாக்க அமர்ந்த தாயின் பாரமே முட்டையை நொறுக்கிற்று. ஓடு மெலிந்ததை இங்கிலாந்தில் டெரிக் ராட்கிளிஃப் என்னும் அறிஞர் பழைய முட்டைத் தொகுதிகளோடு ஒப்பிட்டளந்து 1967இல் வெளியிட்டார். அதற்குள் அமெரிக்காவின் கீழ்ப்பகுதியில் கூடுகட்டும் வல்லூறு ஒன்றேனும் எஞ்சவில்லை. 1972இல் அந்நாட்டரசு அம்மருந்தை விலக்கிற்று.

யோசெமிட்டியிலும் பல்லாண்டுகளாகக் கூடொன்றுங் காணப்படாதிருந்தது. 1978இல் எல் காப்பிட்டனில் வல்லூறு மீண்டும் குடியேறியிருப்பதைக் கண்டு சொன்னவர் யாவர்? பூங்காக் காவலருமல்லர், பறவை நூலாருமல்லர்; பாறையேறுவோரே. நிலத்தில் நிற்பவன் கண்ணுக்கு எட்டாத தட்டு அது. அதன் பின்னரும் அவர்தம் உதவி ஓயவில்லை. நஞ்சின் எச்சத்தால் ஓடு மெலிந்த முட்டைகள் கூட்டிலிருப்பின் உடைவது உறுதி. ஆகவே, கயிற்றில் இறங்கவல்லார் அம்முட்டைகளை எடுத்துவந்து, தாய்ப்பறவை கூட்டை விட்டகலாதிருத்தற் பொருட்டுச் சாந்தினாற் செய்த பொய்முட்டைகளை வைத்தனர். மெய்ம்முட்டைகள் ஆய்வுக்கூடத்தில் கருவிச் சூட்டிற் பொரிக்கப்பட்டன. குஞ்சுகளை மறுபடியும் கயிற்றின் வழியே கொண்டுசென்று கூட்டில் விட, தாய் அவற்றைத் தன்னவையெனவே ஏற்று ஊட்டிற்று. பாறையேற்றத்தை அடியோடு விலக்குக என்பாரை நான் கேட்பது இதுவே: அன்று அக்கலை வல்லார் இல்லாதிருப்பின் அக்குஞ்சுகளைத் தட்டில் வைத்தவர் யார்?

இனி, தடையை வெறுப்பாரின் கூற்றை ஆராய்வோம். அவர் கூறுவனவற்றுள் வலிமை வாய்ந்தது ஒன்றுண்டு. நியூயார்க் நகரின் பாலங்களிலும் வானளாவிய கட்டடங்களிலும் வல்லூறுகள் கூடுகட்டி வாழ்கின்றன. கீழே இரவும் பகலும் வண்டிகள் இரைகின்றன, அவை அஞ்சவில்லை. அங்ஙனமாக, கயிற்றில் தொங்கும் ஒருவனுக்கு மட்டும் அஞ்சுவதேன்? கேட்கத்தக்க கேள்வியே. விடை, ஓசையில் இல்லை, இடத்தில் உள்ளது. நகரத்துப் பறவைக்கு மனிதர் என்போர் வெகுதொலைவிற் கீழே நகர்வோர். கூட்டிருக்கும் தட்டை நோக்கி ஏறிவருவோர் அல்லர். பாறையேறுவோனோ அத்தட்டிற்கே வருகின்றான். சிலவேளை அதற்கு மேலும் நிற்கின்றான். கீழிருந்து வருவதினும் மேலிருந்து வருவதையே இப்பறவை பெரிதும் அஞ்சும். அஞ்சிய தாய் கூட்டை விட்டெழுந்து கூவி வட்டமிடும் ஒரு மணி நேரத்தில் முட்டை குளிர்ந்துபோகலாம், வெயிலிற் குஞ்சு வாடலாம், அண்டங்காக்கை கவர்ந்து போகலாம். சிறகு முற்றாத குஞ்சு வெருண்டு தட்டினின்று குதித்து மடிவதும் உண்டு. ஏறுவோனுக்கும் இடரே. நூறடி உயரத்தில் ஒரு கையாற் பற்றி நிற்பவன் தலையை நோக்கி வல்லூறு பாயின் அவன் நிலை என்னாம்?

மற்றொரு வாதம்: 1999இல் அமெரிக்க அரசும் 2009இல் கலிபோர்னிய அரசும் இப்பறவையை அழிவுறும் உயிர்களின் அட்டவணையினின்று நீக்கிவிட்டனவே, இனியும் தடை ஏன் என்பது. மருந்து தின்று தேறியவன் பத்தியத்தையும் அன்றே விடுவானோ? கூட்டிற்குரிய தட்டுகள் சிலவே. ஒரு தட்டை விரும்பிய இணை ஆண்டுதோறும் அதனையே நாடும். தட்டை இழந்தால் நஞ்சில்லாத காற்றுமட்டும் அதற்கு என் செய்யும்?

ஆயினும் தடை விதிக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு சொல் உண்டு. யோசெமிட்டியில் மார்ச்சு மாதம் 1ஆம் நாள் தொடங்கி ஜூலை 15 வரை தடை நிலவுகின்றது. ஆனால் அது பாறை முழுமைக்கும் அன்று; கூட்டை அடுத்த ஏறுவழிகளுக்கு மட்டுமே. அறிஞர் தொலைநோக்கி கொண்டு கண்காணிக்கின்றனர். ஒரு பாறையில் இவ்வாண்டு கூடில்லையென்று தெளிந்தால் அவ்வழி குறித்த நாளுக்கு முன்னரே திறக்கப்படும். இந்தத் திறப்பே தடையின் உயிர். பறவையில்லாத பாறையின் அடியில் ஆண்டுக்காண்டு தடைப்பலகை நிற்குமாயின், இரண்டாம் ஆண்டில் ஏறுவோன் பலகையைப் பாரான். மூன்றாம் ஆண்டில் கூடுள்ள பாறையின் பலகையையும் பாரான். மூவாயிரம் அடிப் பாறையில் யார் எங்கு ஏறுகின்றாரென்று காத்து நிற்க எந்த அரசிடம் ஆளுண்டு? ஏறுவோன் நம்பினாலன்றித் தடை வெறும் எழுத்தே. மூடுவதில் விரைவு காட்டும் அலுவலகம் திறப்பதிலும் அவ்விரைவு காட்டல் வேண்டும். அலுவலகங்களின் இயல்பை அறிந்தோர் இது எளிதென்று சொல்லமாட்டார்.

இச்செய்தி நமக்கு முற்றும் புறம்பானதன்று. பொரி வல்லூற்றின் ஓரினமாகிய சாகீன் வல்லூறு நம் நாட்டுப் பாறைகளில் வாழ்கின்றது. மதுரைக்கு அணித்தான அரிட்டாபட்டியை 2022ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தபோது, அக்குன்றுகளில் வாழ்வனவாகச் சிறப்பித்த வேட்டைப் பறவைகளுள் அதுவும் ஒன்று. ஆனால் யோசெமிட்டியின் நாட்கணக்கை அப்படியே பெயர்த்தெழுதி இங்கே தொங்கவிட்டாற் பயனில்லை. நம் சாகீன் கூடுகட்டுவது டிசம்பர் முதல் ஏப்பிரல் வரையுள்ள மாதங்களில். மார்ச்சில் தடையிட்டால் முட்டைக்காலம் பெரும்பாலும் கழிந்திருக்கும். வெயில் தணிந்து, கல் சுடாது, நம் இளைஞர் பாறையை நாடுவதும் அந்த மார்கழி, தை மாதங்களிலேயே. ஆகவே இங்கே விட்டுக்கொடுக்க வேண்டுவது வேண்டாத மாதங்களையன்று. ஏறுதற்கு இனிய மாதங்களையே. ஒரு குன்றில் முதல் ஆணி அடிக்கப்படுமுன், அக்குன்றின் அடியில் ஆடு மேய்ப்பவரிடம் சென்று, எந்தத் தட்டில் வெள்ளை எச்சம் வழிந்திருக்கின்றது, எந்த மாதத்தில் அப்பறவை கூவிச் சுற்றுகின்றது என்று கேட்டு எழுதி வைக்கும் வேலையை எவரேனும் இப்போதே தொடங்கலாம்.