சர்க்கரை மெஷின் மலிவு, ஸ்ட்ரிப் மட்டும் ஏன் இந்த விலை?

1/ "மெஷின் இருக்கு டாக்டர், ஸ்ட்ரிப்தான் தீர்ந்துபோச்சு." இன்சுலின் போடுறவங்க அடிக்கடி சொல்ற பதில் இது. இதை அலட்சியம்னு திட்டுறதுக்கு முன்னாடி கணக்கைப் பாருங்க. #இழை

2/ ஒரு ஸ்ட்ரிப் 20 ரூபாய்னு வைங்க. நாளைக்கு 2 தடவை பார்த்தா மாசம் 1200 ரூபாய். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023-ல் 1000-லிருந்து 1200 ஆனது. அந்தப் பணம் ஸ்ட்ரிப்புக்கே சரியாப் போயிடும்.

3/ உள்ளே என்ன நடக்குது? ஸ்ட்ரிப்பில் ஒரு என்சைம் தடவியிருக்கு. அது ரத்தத்தில் உள்ள குளுக்கோஸோட வினைபுரிஞ்சு எலக்ட்ரான்களை எடுக்கும். மெஷின் சின்னதா ஒரு வோல்டேஜ் கொடுத்து, ஓடுற மின்சாரத்தை அளக்கும். அளவு மைக்ரோ ஆம்பியர், அதாவது ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சர்க்கரை கூடினா மின்சாரமும் கூடும்.

4/ இவ்வளவு நுணுக்கமா அளக்க விலையுயர்ந்த கருவி வேணுமே? இப்போ வேண்டாம். 1987-லேயே பேனா சைஸ் மீட்டர் வந்தாச்சு. 2011-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'சீப்ஸ்டாட்' என்ற கருவியின் சர்க்யூட்டை முழுசா வெளியிட்டாங்க. 80 டாலருக்குள்ள யாரும் செஞ்சுக்கலாம். பல வேதிப்பொருட்களை அளக்கும் ஆய்வகக் கருவி அது. குளுக்கோமீட்டருக்கு வேலை இன்னும் சுலபம்.

5/ அதனாலதான் மெஷினைச் சலுகை விலையில், சில சமயம் இலவசமாவே தர்றாங்க. வியாபாரம் ஸ்ட்ரிப்பில் இருக்கு. ஒரு கம்பெனி மெஷினுக்கு இன்னொரு கம்பெனி ஸ்ட்ரிப் சேராது. அந்த ஸ்ட்ரிப் கடையில் வராம போனா, நல்லா ஓடுற மெஷினும் குப்பைதான்.

6/ "கலந்து போட்டா ரீடிங் தப்பும்" என்பாங்க. உண்மைதான். என்சைம் வேற, வோல்டேஜ் வேற. ஆனா ஸ்ட்ரிப்பின் அளவு, வோல்டேஜ், ஒவ்வொரு பேட்ச்சின் திருத்த எண் எல்லாத்தையும் பொதுக் குறியீடா டப்பாவில் அச்சடிச்சா எந்த மெஷினும் படிக்கலாமே? துல்லியத்துக்கு ஐஎஸ்ஓ 15197 இருக்கு: சர்க்கரை 100-க்கு மேல் இருந்தா, 95 சதவீத ரீடிங் 15 சதவீத வித்தியாசத்துக்குள்ள இருக்கணும். பொருத்தத்துக்கும் அப்படி ஒரு தரம் வேணும். போன் சார்ஜருக்கு ஐரோப்பா 2024-ல் செஞ்சதுதான்.

7/ இதை அரசு கேட்டா நடக்கும். ஐசிஎம்ஆர் ஆய்வு நாட்டில் 10.1 கோடி சர்க்கரை நோயாளிகள்னு சொல்லுது. 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு வீடாப் போகுது. "பொது ஸ்ட்ரிப் ஏற்கும் மெஷின்தான் வாங்குவோம்"னு டெண்டரில் ஒரு வரி போட்டா கம்பெனிகள் வழிக்கு வரும்.

8/ அதுவரைக்கும்: வேற கம்பெனி ஸ்ட்ரிப்பைப் போடாதீங்க. காலாவதி தேதி பாருங்க. டப்பா மூடியை இறுக்கி மூடுங்க, ஈரம் பட்டா கெட்டுடும். ஸ்ட்ரிப் கம்மியா இருந்தா எந்த நேரம் பார்க்கிறது முக்கியம்னு உங்க டாக்டரைக் கேளுங்க. இன்சுலின் போடுறவங்களுக்கு வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்து, கையில் ஸ்ட்ரிப் இல்லேன்னா காத்திருக்காம உடனே சர்க்கரைத் தண்ணி குடிங்க.