கடலின் கண்ணும் ஐந்து ஏரிகளும்

போலந்து தேசத்தின் தென்கோடியில், ஸ்லோவாக்கியாவின் எல்லையை ஒட்டித் தாத்ரா என்னும் மலைத்தொடர் இருக்கிறது. பூர்வகாலத்தில் பனியாறுகள் குடைந்துவிட்டுப் போன பள்ளங்களில் நீர் தங்கி, அம்மலைகளிடையே பல ஏரிகள் உண்டாயின. அவற்றுள் மிகப் பிரசித்தமானது மோர்ஸ்கியே ஓகோ, அதாவது கடலின் கண். அது கடல்மட்டத்துக்குச் சுமார் 4,580 அடி உயரத்தில் இருந்தபோதிலும், பூமிக்கடியில் கடலோடு தொடர்புடையதென்று மலைவாசிகள் கதை சொல்லி வந்ததால் இப்பெயர் பெற்றது. கோடைகாலத்தில் அங்கே நாள்தோறும் ஆயிரக்கணக்கான ஜனங்கள் போகிறார்கள். தாத்ரா தேசியப் பூங்காவுக்கு வருவோர் தொகை சில வருஷங்களில் 40 லட்சத்தையும் தாண்டியிருக்கிறது. கூட்டம் மிகுந்துவிட்டது, ஆகையால் வருவோரின் தொகைக்கே வரம்பு வைக்க வேண்டும் என்போர் உண்டு. இந்த யோசனையை நாம் ஆதரிக்க இயலாது. வரம்பு வேண்டியது சக்கரங்களுக்கேயன்றிக் கால்களுக்கு அன்று என்பது நமது அபிப்பிராயம்.

அந்த ஏரி போலந்து ஜனங்களுக்கு எவ்வாறு நிலைத்தது என்பதை அறிந்தவர்களுக்கு நாம் சொல்வது விளங்கும். 1795-ம் வருஷத்தோடு போலந்து என்ற ராஜ்யம் பூமிப்படத்திலிருந்தே மறைந்தது. ருஷியா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகளும் அதைக் கூறுபோட்டுக்கொண்டன. தாத்ராவின் வடசாரல், ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் கீழ் கலீஷியா மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. வார்ஸாவிலிருந்தும் போஸ்னானிலிருந்தும் கிராக்கோவிலிருந்தும் புறப்பட்ட மனிதர்கள், மூன்று வேறு அரசர்களின் பிரஜைகளாயிருந்தும், இம்மலையடியில் ஒரே பாஷை பேசி ஒரே பாதையில் நடந்தார்கள். 1873-ல் தாத்ரா சங்கம் ஸ்தாபிக்கப்பட்டது. அச்சங்கத்தார் பாதைகள் வெட்டினார்கள், வழிகாட்டிகளை ஏற்படுத்தினார்கள், மறு வருஷமே மோர்ஸ்கியே ஓகோவின் கரையில் ஒரு தங்கல்மனை எழுப்பினார்கள். வார்ஸாவின் பிரபல வைத்தியரான ஹலுபின்ஸ்கி, 1873-ல் ஸாகோபானே கிராமத்தில் வாந்திபேதி பரவியபோது அங்கிருந்து சிகிச்சை செய்தார். பின்னர் மலைவாசிகளையே துணைகொண்டு சிகரம் சிகரமாகச் சுற்றினார். கொடியும் சேனையும் இல்லாத ஒரு ஜனசமூகம் தன் தேசத்தைக் காலால் அறிந்துகொண்டது.

நிற்க. 1879-ல் ஹோஹென்லோஹே என்னும் ஜெர்மானியப் பிரபு, ஹங்கேரிப் பக்கத்திலுள்ள யாவோர்ஸினா எஸ்டேட்டை விலைக்கு வாங்கினார். அவருக்கு வேட்டையில் அபாரப் பிரியம். ஏரியைச் சார்ந்த சரிவுகளும் தம் எல்லைக்குட்பட்டவை என்று அவர் சாதிக்கவே, ஹங்கேரி அவர் பக்கம் நின்றது. எதிர்ப்பக்கத்தில் ஸாகோபானே எஸ்டேட் ஏலத்துக்கு வந்தபோது, 1889-ல் அதை விளாதிஸ்லாவ் ஸமோய்ஸ்கி என்ற போலந்துக் கனவான் எடுத்தார். பிற்காலத்தில், 1924-ல், தம் சொத்தையெல்லாம் தேசத்துக்கே எழுதிவைத்தவர் அவர்தாம். இரு தரப்புக் காவலாட்களுக்குமிடையே வருஷக்கணக்கில் தகராறு நடந்தது. கலீஷியாவும் ஹங்கேரியும் ஒரே சக்கரவர்த்தியின் குடைக்கீழ் இருந்தவை என்பதை நினைத்தால், எல்லைத் தகராறு எவ்வளவு விசித்திரமானது என்பது தெரியும்.

முடிவில் விவகாரம் மத்தியஸ்தர்களிடம் போயிற்று. 1902-ல் கிராட்ஸ் நகரில் மூவர் கூடினர். கலீஷியாவுக்கு ஒருவர், ஹங்கேரிக்கு ஒருவர், தலைமைக்கு ஸ்விட்ஸர்லாந்து நீதிபதி வின்க்ளர். கலீஷியாவின் தரப்பில் வாதித்தவர் ல்வூவ் சர்வகலாசாலையில் சட்ட சரித்திரம் போதித்த ஓஸ்வால்ட் பால்ஸர். செப்டம்பர் 13-ந் தேதி ஏரி கலீஷியாவையே சேர்ந்தது என்று தீர்ப்பாயிற்று. வக்கீல் தொழிலில் உள்ளவர்களுக்கு இதைப் படிக்கையில் உள்ளூர ஒரு பெருமை எழுவது இயற்கை. ஆனால் நாம் ஒன்றை மறுக்கவில்லை. சாசனமும் படமும் வழக்கை ஜயித்திருக்கலாம். அந்த ஏரிக்காக வழக்காடத் தகும் என்று ஒரு தேசம் முழுவதும் எண்ணும்படி செய்தது முப்பது வருஷ நடையே. ஒருவரும் நடந்து பார்த்திராத பாறைக்கும் தண்ணீருக்கும் எவர் வழக்காடுவார்?

ஏரிக்குச் செல்லும் ரஸ்தா அதே 1902-ல் திறக்கப்பட்டது; இன்று அதற்குப் பால்ஸரின் பெயரே வழங்குகிறது. மோட்டார்கள் பலேனிட்ஸா என்னுமிடத்தில் நின்றுவிட வேண்டும். அங்கிருந்து ஐந்தரை மைல் தார் ரஸ்தா. பல வருஷங்களாகக் குதிரை வண்டிகள் இந்த ஏற்றத்தில் ஜனங்களை இழுத்து வந்திருக்கின்றன. 2009-ல் ஒரு குதிரை அவ்வழியில் மாண்டபின் இதைப் பற்றிய கிளர்ச்சி வலுத்தது. வண்டியோட்டிகள் மலைவாசிகள், அவர்கள் ஜீவனத்தை அலக்ஷியம் செய்ய நாம் சொல்லமாட்டோம். கிழவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அங்கஹீனர்களுக்கும் வாகனம் அவசியம். அதை மின்சார வண்டியாக அமைத்து, அந்த வேலையை அம்மலைவாசிகளுக்கே கொடுப்பது நியாயம். இரண்டு கால்களும் திடமாக உள்ள வாலிபர்களை ஒரு மிருகம் மூச்சுத் திணற இழுத்துச் செல்வதற்கு மட்டும் யாதொரு சமாதானமும் நமக்குத் தோன்றவில்லை. பலேனிட்ஸாவில் கார் நிறுத்துவதற்கு முன்கூட்டியே இடம் பதிய வேண்டுமென்று இப்போது விதித்திருக்கிறார்கள். அது சரியான விதி. அதையே இன்னும் இறுக்கலாம். நடந்து வருபவனை வாயிலில் நிறுத்தி எண்ணுவது வேறு விஷயம். எண்ணிக்கை வந்தால் சீட்டு வரும். சீட்டு வந்தால் பணமுள்ளவன் முந்துவான். ஒரு பிரபுவிடமிருந்து மீட்ட ஏரி அப்பொழுது வேறு பிரபுக்களிடம் போய்ச் சேரும்.

கூட்டம் ஏரிக்கு வருகிறதென்பதைவிட ரஸ்தாவின் முடிவுக்கு வருகிறதென்பதே பொருந்தும். கரையில் நின்று படம் பிடித்து, பலகாரம் உண்டு, வந்த வழியே திரும்புவோரே பெரும்பான்மை. பலேனிட்ஸாவிலிருந்து இரண்டு மைலுக்குள் மிட்ஸ்கியேவிச் அருவிகள் பாலத்தடியில் இரைகின்றன. பாரிஸ் அருகே அடங்கியிருந்த அக்கவியின் அஸ்தி 1890-ல் கிராக்கோவுக்குக் கொண்டுவரப்பட்டதன் ஞாபகமாகத் தாத்ரா சங்கத்தார் சூட்டிய பெயர் அது. அவ்விடத்தில் வலப்புறம் ஒரு பாதை பிரிந்து ரொஸ்தோகா பள்ளத்தாக்கில் ஏறுகிறது. அங்கே தார் இல்லை. கல்லும் வேருமே உண்டு. ஊசியிலை மரங்களுக்கிடையில் ஓடையை ஒட்டி நடந்தால், மரங்கள் குட்டையாகிக் குட்டையாகி ஒழிந்துபோன இடத்தில், ஸிக்லாவா என்னும் அருவி இருநூறு அடிக்கு மேற்பட்ட பாறையிலிருந்து விழுகிறது. அப்பாறையைச் சுற்றி ஏறினால், பழைய பனியாறு செதுக்கிய படியின்மேல், ஐந்து ஏரிகளின் பள்ளத்தாக்கு திறக்கிறது. பாலத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட நடை, அவ்வளவே.

பெரிய ஏரி, முன்னேரி, சிறிய ஏரி, கரிய ஏரி, பின்னேரி என்று பெயர்கள். பெரிய ஏரியின் ஆழம் 260 அடி. தாத்ராவில் அதனினும் ஆழமானது இல்லை. சிறிய ஏரியை ஏரியென்பது உபசாரமே. எருதின் கண் என்று ஒரு குட்டையும் உண்டு. பாவம், அதைக் கணக்கில் சேர்ப்பாரில்லை. வருஷத்தில் பாதிக்கும் மேலாக இந்நீரெல்லாம் உறைந்து கிடக்கும். முன்னேரிக் கரையில் போலந்தின் மிக உயரமான தங்கல்மனை இருக்கிறது. அதற்கு ரஸ்தா கிடையாது; சாமான்கள் கம்பி வழியே மேலே போகின்றன, மனிதர்கள் நடந்தே போகிறார்கள். அங்கிருந்து ஸ்விஸ்தூவ்கா வழியாக மலையைத் தாண்டினால், இரண்டு மணி நேரத்தில் மோர்ஸ்கியே ஓகோவுக்கே இறங்கலாம். பனிச்சரிவுக்குப் பயந்து மாரிக்காலத்தில் அவ்வழியை மூடிவிடுகிறார்கள்.

எல்லோரும் ஐந்து ஏரிகளுக்கு ஏறினால் அவையும் பாழாகுமே என்று ஆக்ஷேபம் செய்யலாம். எல்லோரும் ஏறமாட்டார்கள், ரொஸ்தோகாவின் கற்களே வரம்பு. அந்த வரம்புக்குப் பணக்காரன், ஏழை என்ற பேதம் தெரியாது. ஆகவே பூங்கா அதிகாரிகள் அப்பாதையைச் செப்பனிடும்போது அகலப்படுத்தாமலும், அதன்மேல் தார் போடாமலும், மேலே புதிய விடுதி எதற்கும் இடங்கொடாமலும் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஒரு காலத்தில் காவலாட்கள் மோதிக்கொண்ட எல்லையில் 2007-ம் வருஷ டிசம்பரில் வழக்கமான சோதனை நீக்கப்பட்டது. மோர்ஸ்கியே ஓகோவிலிருந்து புறப்பட்டு, சுமார் 8,200 அடி உயரமுள்ள ரிஸி சிகரத்தின்மேல் ஏறி, மறுபுறம் ஸ்லோவாக்கியாவுக்கு இறங்கலாம். கோடையும் நல்ல வானமும் திடமான தேகமும் இருந்தால், அதையும் ஒரே பகலில் முடித்துவிடுபவர்கள் இருக்கிறார்கள்.