எட்டைப் பிரித்தால் பதினொன்று

திருவேற்காட்டைச் சுற்றி, பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவில், கல்லூரிகளுக்குக் குறைவில்லை. காலையில் கல்லூரிப் பேருந்துக்கு நிற்கும் ஆசிரியர்களிடையே நலவிசாரிப்பு முடிந்ததும் வரும் கேள்வி, “பேப்பர் போட்டாச்சா?” பிறகு, குரல் கொஞ்சம் இறங்கி: “நம்ம பேரையும் சேர்த்துக்குங்க சார்.”

அந்த வேண்டுகோளை வெறும் ஆசை என்று தள்ளிவிட முடியாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி, அறிவியல் துறையில் ஓர் ஆய்வுக் கட்டுரைக்குப் பதவி உயர்வுக் கணக்கில் அடிப்படைப் புள்ளி 8. இருவர் சேர்ந்து எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம், அதாவது 5.6. இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 11.2! ஐந்து பேர் என்றால் முதன்மை ஆசிரியருக்கு 5.6, மற்ற நால்வருக்கும் தலா 2.4, மொத்தம் 15.2. ஒரு தோசையைப் பங்கிடப் பங்கிடப் பெருகும் இந்த அதிசயம் எந்த வீட்டு அடுப்படியிலும் நடந்ததில்லை.

அமெரிக்காவில் சூஹோ லீ, பேரி போஸ்மேன் இருவரும் 443 அறிவியலாளர்களின் எழுத்தை ஆராய்ந்து 2005இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கட்டுரைகளை முழுதாக எண்ணினால், கூட்டாளிகள் மிகுந்தவர்களே அதிகம் எழுதியிருந்தார்கள். அதே கட்டுரைகளை ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்ததும் அந்த அனுகூலம் கரைந்துபோனது. (அந்த ஆய்வையும் இருவர் சேர்ந்தே எழுதினார்கள்.)

அதற்காகக் கூட்டு முயற்சியே வீண் என்று சொல்லிவிட முடியாது. கிண்டியில் நடந்ததைப் பார்க்கலாம். அங்குள்ள சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஜி.என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புரதச் சங்கிலியின் கண்ணிகள் எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எங்கே திரும்பினால் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று வரையறுத்து, ஒரு படமாகக் காட்டிய கட்டுரை அது. புதிதாக ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டறிபவர்கள், அது சரிதானா என்று பார்க்க இன்றும் அந்தப் படத்தில்தான் பொருத்திப் பார்க்கிறார்கள்.

யார் கணக்குப் போட்டார், யார் சோதனை செய்தார், யார் எழுதினார் என்று தனித்தனியாகக் குறிக்கும்படி பல ஆய்விதழ்கள் இப்போது கேட்கின்றன. பதவி உயர்வுக் கோப்பிலும் அதைக் கேட்டால் பேருந்து நிறுத்தத்து வேண்டுகோள்கள் பாதியாவது குறையும்.

கிண்டிக் கட்டுரையில் மூன்று பெயர்கள் இருக்கின்றன. படத்தை உலகம் அழைப்பதோ ‘இராமச்சந்திரன் வரைபடம்’ என்று. 2018 அட்டவணையில் இட்டுப் பார்த்தால் இராமகிருஷ்ணனுக்கும் சசிசேகரனுக்கும் கிடைக்கும் அடிப்படைப் புள்ளி ஆளுக்கு 2.4.