நோன்பு நாளை மருத்துவரிடம் மறைக்க வேண்டா

ஐப்பசி பிறந்தால் திருச்சிராப்பள்ளியில் மழையும் விரதமும் ஒருசேரத் தொடங்குகின்றன. வடகிழக்குப் பருவமழை காவிரிக் கரையை நனைக்கும் இம்மாதத்தில், திருப்பராய்த்துறையில் முதல் முழுக்கும் மயிலாடுதுறையில் கடை முழுக்குமாகத் துலா நீராடல் நிகழ்கிறது. பிற மாதங்களில் கொள்ளிடத்திலிருந்து திருவரங்கப் பெருமானுக்கு எடுத்துச் செல்லப்படும் திருமஞ்சன நீர், இம்மாதத்தில் மட்டும் அம்மா மண்டபத்துக் காவிரியிலிருந்து பொற்குடத்தில், யானைமீது செல்கிறது. அமாவாசையை ஒட்டித் தீபாவளியும் கேதார கௌரி நோன்பும் வருகின்றன. மறுநாள் பிரதமையில் கந்த சஷ்டியின் ஆறு நாள் விரதம் தொடங்குகிறது. ஏகாதசி இரண்டு, பிரதோஷம் இரண்டு, சங்கடஹர சதுர்த்தி ஒன்று என நோன்பு நாட்கள் அடுத்தடுத்து நிற்கின்றன.

இந்நாட்களில் சத்திரம் பேருந்து நிலையத்தில் இரு சாராரைக் காணலாம். லால்குடி, முசிறி, துறையூர்ப் பக்கங்களிலிருந்து வந்திறங்கித் திருவரங்கத்திற்கோ வயலூருக்கோ பேருந்து மாறுவோர் ஒரு சாரார். எக்ஸ்ரே உறையும் மருந்துப் பையும் ஏந்தி மருத்துவமனைகளை நாடுவோர் மற்றொரு சாரார். பல வேளைகளில் இவ்விரு சாராரும் ஒருவரே. விடியலில் நீராடி உபவாசத்தைத் தொடங்கியவரே பத்து மணிக்குப் புறநோயாளர் வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஆயினும் தமது விரதத்தைப் பற்றி மருத்துவரிடம் அவர் ஒரு சொல்லும் சொல்வதில்லை. அந்த மௌனம் விரதத்தைக் காட்டிலும் ஆபத்தானது என்பதே நம் கருத்து.

மறைப்பதன் காரணம்

நோயாளர் தம் நோன்பை மறைப்பதற்குக் காரணம் அறியாமை அன்று. சொன்னால் மருத்துவர் தடுத்துவிடுவார் என்னும் அச்சமே. அவ்வச்சத்திற்கு அடிப்படையும் உண்டு. "விரதமெல்லாம் கூடாது" என்று ஒரே சொல்லில் பேச்சை முடித்துவிடும் வழக்கம் மருத்துவ உலகில் எங்கும் காணப்படுவதே. முப்பது ஆண்டுகளாக ஒரு சஷ்டியும் தவறாது நோன்பிருந்த மூதாட்டியிடம் அவ்வாறு கூறினால், அவர் விரதத்தைக் கைவிடுவதில்லை. மருத்துவரிடம் சொல்வதையே கைவிடுகிறார். பின்னர், வெறும் வயிற்றுக்கு மாத்திரை வேண்டா எனத் தாமே முடிவு செய்து எல்லா மருந்துகளையும் நிறுத்துகிறார். அல்லது உண்ணாமலேயே வழக்கமான அளவில் இன்சுலினைச் செலுத்திக்கொள்கிறார். இரண்டும் கேடு விளைப்பன.

எனவே, விரதம் இருக்கலாமா கூடாதா என்பது முதற் கேள்வி அன்று. எந்த நாள், எத்தனை மணி நேரம், நீர் அருந்துவதுண்டா, உண்ணும் மருந்துகள் எவை என்பனவே முதலில் கேட்கப்பட வேண்டியவை. இவற்றிற்கு விடை கிடைத்த பின்னரே, இருக்கலாம் என்றோ, இவ்வாறு மாற்றிக்கொள்க என்றோ, இவ்வாண்டு வேண்டா என்றோ ஒருவர் பொறுப்புடன் சொல்ல இயலும்.

திதியும் மருந்து வேளையும்

மருந்து வேளை கடிகாரத்தைப் பின்பற்றுவது. நோன்போ திங்களைப் பின்பற்றுவது. சந்திரன் சூரியனிடமிருந்து பன்னிரண்டு பாகை விலகும் காலம் ஒரு திதி. சந்திரனின் வேகம் சீராக இல்லாமையால், திதி சில வேளை 20 மணி நேரத்திலும், சில வேளை 26 மணி நேரத்தைக் கடந்தும் முடிகிறது. ஆதலால் நோன்பு தொடங்கும் வேளையும் முடியும் வேளையும் ஒவ்வொரு பட்சத்திலும் மாறுகின்றன. வாக்கியப் பஞ்சாங்கத்திற்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்திற்கும் இடையே சில ஆண்டுகளில் ஒரு நாளே வேறுபடுவதுண்டு. "மாதம் இருமுறை விரதம்" என்று மட்டும் கூறினால் மருத்துவருக்குப் போதிய செய்தி கிடைக்காது.

நோன்பின் நீளத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தசமியன்று பகலில் ஒருவேளை மட்டும் உண்டு, ஏகாதசி முழுதும் உபவாசமிருந்து, துவாதசி காலையில் பாரணை செய்வோர்க்கு உணவின் இடைவெளி 40 மணி நேரத்தைக் கடக்கிறது. அந்நெடிய இடைவெளிக்குப் பின் நெல்லிக்காய், அகத்திக்கீரையுடன் முழு உணவு விடியற்காலையிலேயே வந்து சேர்கிறது. கந்த சஷ்டியிலோ பாலும் பழமும் மட்டும் கொள்வோர், ஒருவேளை உணவு கொள்வோர், மிளகும் நீரும் மட்டும் கொள்வோர் எனப் பல திறத்தினர் உளர். இவர்கள் அனைவருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது.

இதில் நாம் பின்பற்றத்தக்க முன்மாதிரி ஒன்று உண்டு. ரமலான் நோன்பிருக்கும் நீரிழிவு நோயாளர்க்கெனப் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளது. நோன்பு தொடங்குவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் முன்னரே மருத்துவரைக் கண்டு, மருந்தின் அளவையும் வேளையையும் வகுத்துக்கொள்ளுமாறு அது அறிவுறுத்துகிறது. நோயுற்றவர்க்கு நோன்பிலிருந்து விலக்கு அளிப்பது இசுலாமிய நெறி என்பதும் யாவரும் அறிந்ததே. ஏகாதசிக்கும் சஷ்டிக்கும் இத்தகைய முன்னேற்பாடு நம்மிடையே வேரூன்றவில்லை. பஞ்சாங்கம் ஆண்டுத் தொடக்கத்திலேயே வீட்டிற்கு வந்துவிடுகிறது. ஆகவே நாள் தெரியவில்லை என்று கூற வழியில்லை.

எவர் எதைக் கவனிக்க வேண்டும்

நீரிழிவு உடையோர்: இன்சுலினும், கிளிமிபிரைடு, கிளைபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் உணவின்றிச் செயற்பட்டால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவிற்குத் தாழும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, மனக்குழப்பம் ஆகியன அதன் அறிகுறிகள். இதனைப் பக்தியின் தளர்ச்சி எனக் கருதிப் பொறுத்துக்கொள்ளல் ஆகாது. சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் நோன்பை அக்கணமே முடித்து, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து அருந்தி, 15 நிமிடங்களில் மீண்டும் சோதித்து, பின்னர் உணவு கொள்ள வேண்டும். மயங்கியவர் வாயில் எதனையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவருக. முதல் வகை நீரிழிவு உடையோர், உணவு இல்லை என்பதற்காக இன்சுலினை முற்றிலும் நிறுத்துதல் உயிருக்கே இடராகும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய மாத்திரைகளை உட்கொள்வோர்க்கு நெடும் பட்டினியால் இரத்தத்தில் அமிலம் மிகும் நிலை உண்டாகலாம். அவற்றை எத்தனை நாள் முன்னர் நிறுத்துவது என்பதை மருத்துவரே கூற வேண்டும்.

சிறுநீரக நோயுடையோர்க்குப் பட்டினியினும் விரத உணவே பெரிய இடராகக்கூடும். இளநீர், வாழைப்பழம், பழச்சாறு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கீரை ஆகியவற்றில் பொட்டாசியம் மிகுதி. டயாலிசிஸ் செய்துகொள்பவர்க்கு அது நெஞ்சின் துடிப்பையே நிறுத்தவல்லது. திருநாள் என்பதற்காக டயாலிசிஸ் நாளைத் தள்ளிவைப்பதும் கூடாது.

இதயத்தில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர் இரத்தம் உறையாமைக்குரிய மாத்திரையையும், வலிப்பு நோயுடையவர் அதற்குரிய மாத்திரையையும் ஒருநாளும் விடலாகாது. நீர் மாத்திரை உட்கொள்வோர் நீரும் அருந்தாது நோன்பிருந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து சிறுநீரகம் பழுதுறும். கருவுற்றோர், பாலூட்டுவோர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், உடல் மெலிந்த முதியோர் ஆகியோர் உணவைக் குறைக்கும் நோன்பை மேற்கொள்ளாமையே நன்று.

மழைக்காலத்திற்குரிய எச்சரிக்கையும் உண்டு. டெங்கு முதலிய காய்ச்சல்கள் பரவும் பருவம் இது. காய்ச்சல் கண்டவர்க்கு நீர்ச்சத்தே முதல் மருந்து. அவர் நீரையும் விலக்கி நோன்பிருத்தல் தகாது. அறுவைப் புண் ஆறாதவர், காலில் புண்ணுடைய நீரிழிவாளர், டயாலிசிஸ் குழாய் பொருத்தப்பட்டவர் ஆகியோர் ஆற்றில் மூழ்கி நீராட வேண்டா. காவிரி நீரைத் தலையில் தெளித்துக்கொள்வதோடு அமைதல் போதும்.

மருத்துவமனையும் தன் பங்கிற்கு ஒரு விரதத்தை விதிக்கிறது. மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவைக்கு முன் குறைந்தது ஆறு மணி நேரம் திட உணவு விலக்கப்படுகிறது. ஏகாதசி உபவாசத்தின் மறுநாளே அறுவை எனில் இரு பட்டினிகளும் சேர்ந்து உடலை வாட்டும். நாள் குறிக்கும்போதே இதனைச் சொன்னால் நாளை மாற்றுதல் எளிது.

மரபு என்ன சொல்கிறது?

மருந்துண்டால் விரதம் கெட்டுவிடும் என அஞ்சுவோர் பலர். மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில், விரதத்தைக் குலைக்காதவை என எட்டினை விதுரர் எண்ணுகிறார். நீர், கிழங்கு, கனி, பால் ஆகியவற்றோடு மருந்தும் அவ்வெட்டனுள் ஒன்று. ஆகவே மாத்திரையையும், அதனை விழுங்க ஒரு குவளை நீரையும் கொள்வதால் நோன்புக்குக் குறையில்லை.

திருவரங்கத்திலும் வழிபாடும் மருத்துவமும் பகைத்து நின்றதில்லை. அத்திருக்கோயிலினுள் தன்வந்திரிக்குத் தனிச் சன்னிதி உண்டு. கோயிலைச் சார்ந்த ஆரோக்கியசாலை புதுப்பிக்கப்பட்ட செய்தியை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. நோயாளியைப் பேணும் இடம் கோயிலுக்குப் புறம்பானது என நம் முன்னோர் எண்ணவில்லை.

சமயபுரத்து அன்னையின் பச்சைப் பட்டினி விரதத்தையும் இங்கு நினைவுகூரலாம். அது மழைக்காலத்தது அன்று. மாசி இறுதியில் தொடங்கி 28 நாட்கள் நடைபெறுவது. உலகத்து உயிர்கள் நோயின்றி வாழ வேண்டி அன்னையே நோன்பிருக்கிறாள் என்பது அதன் பொருள். அந்நாட்களிலும் அன்னைக்குத் துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் ஆகியன படைக்கப்படுகின்றன. பிள்ளைகளுக்காகத் தாய் பட்டினி கிடக்கும் தலத்தில், நோயுற்ற பிள்ளையும் உடன் பட்டினி கிடக்க வேண்டும் என்று எவரும் சொல்லார்.

ஐப்பசியின் பௌர்ணமியோ சிவாலயங்களில் அன்னாபிஷேக நாள். கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருலிங்கம் அன்று சோற்றால் மூடப்படுகிறது. உண்ணாமையைப் போற்றும் அதே மாதம் உணவையும் இறைவன் திருமேனியாகக் காட்டுகிறது. உண்ண வேண்டியவர் உண்பதில் பாவம் ஏதுமில்லை.

உடனிருப்போர்க்கு

நோயாளரைக் காட்டிலும் உடனிருப்போரே மிகுதியாக நோன்பிருப்பதை மருத்துவமனை வாயிலில் காண்கிறோம். தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே அமர்ந்து மகனுக்காக ஆறு நாளும் சஷ்டி நோற்கும் தாயின் அன்பை எவர் குறை கூற முடியும்? எனினும் இரவெல்லாம் விழித்து, பகலெல்லாம் மருந்துக்கும் பரிசோதனைச் சாலைக்கும் அலைபவர் உண்ணாதிருந்தால், மூன்றாம் நாள் அவரும் ஒரு நோயாளி ஆவார். பட்டினியோடு இரத்ததானம் செய்ய முன்வருவதும் கூடாது, மயக்கம் வரக்கூடும். தமக்கும் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருப்பின் அதனைச் செவிலியரிடம் தெரிவிக்கவும்.

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து நிமிர்ந்தால் தெரியும் மலைக்கோட்டையில் தாயுமானவர் எழுந்தருளியுள்ளார். காவிரி வெள்ளத்தால் தாய் வந்து சேர இயலாதபோது, பேறுகாலத்தில் தவித்த இரத்தினாவதிக்கு இறைவனே தாயாக வந்து பணிவிடை செய்தான் என்பது தலக்கதை. நோயாளரின் அருகிருந்து பேணுதலே வழிபாடு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? அப்பணிக்கு உடல் வலிமை வேண்டும்; உடல் வலிமைக்கு உணவு வேண்டும்.

நாம் வேண்டுவது

மருத்துவமனைகள் தம் பதிவுச் சீட்டில், ஒவ்வாமை பற்றிய வினாவை அடுத்து, "கடைப்பிடிக்கும் நோன்புகள் யாவை?" என்னும் வினாவையும் சேர்க்க வேண்டும். மருத்துவர் அதனைக் கண்டிப்பின்றிக் கேட்க வேண்டும். உணவியல் வல்லுநர், நோயாளரின் வீட்டில் விரத நாளில் உண்மையாகவே சமைப்பது என்ன என்று அறிந்து அறிவுரை கூற வேண்டும்.

நோயாளரும் குடும்பத்தாரும் செய்ய வேண்டியது இன்னும் எளிது. அடுத்த முறை வரும்போது, அடுத்த மூன்று மாதத்து நோன்பு நாட்களை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவருக. உபவாசம் தொடங்கும் வேளை, பாரணை வேளை, அந்நாளில் உண்பவை ஆகிய மூன்றையும் அதில் குறிக்கவும். அத்தாளை மருந்துச் சீட்டோடு சேர்த்து மருத்துவர்முன் வைக்கவும். அவர் இவ்வாண்டு வேண்டா எனக் கூறினால், ஏன் என்று கேட்கவும். காரணத்தை அறியும் உரிமை தங்களுக்கு உண்டு. உணவை விலக்க இயலாதவர்க்கும் விளக்கேற்றல், திருநாமம் ஓதல், இயன்ற அளவில் அன்னமிடல் ஆகியன எஞ்சியே இருக்கின்றன. அவற்றுக்கு எந்த மாத்திரையும் தடையன்று.