படியெடுத்துக் காப்போம்

நுழையும்முன்

எழுதியதைக் காத்தல் எல்லாக் காலத்திற்கும் உரிய கடமை. ஓலையில் எழுதிய முன்னோர் அதனைக் கரையானிடமிருந்தும் ஈரத்திடமிருந்தும் காத்தனர். இன்று நம் நினைவுகளும் உழைப்பும் உள்ளங்கையளவு பெட்டிக்குள் அடங்கிவிட்டன. அப்பெட்டி பழுதுபட்டால் என்ன செய்வது? பழுதுபடுமுன் என்ன செய்திருக்க வேண்டும்? இவ்வினாக்கள் குறித்த கருத்தொன்றை முன்வைக்கிறது இக்கட்டுரை.

வீட்டின் அரும்பொருள்களை இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்த காலம் உண்டு. இன்றைய குடும்பங்களின் செல்வத்தில் ஒரு பகுதி, கணினியோடு இணைக்கும் சிறு பெட்டியில் உறைகிறது. திருமண ஒளிப்படங்கள், மறைந்த பாட்டியின் குரற்பதிவு, மாணவர் ஒருவர் பல மாதம் உழைத்து எழுதிய ஆய்வேடு ஆகிய அனைத்தும் அதனுள் இருக்கின்றன. ஹார்டு டிஸ்க் என்று வழக்கில் கூறப்படும் அவ்வன்தட்டு ஒருநாள் இயங்க மறுக்கும்போது, 'மீட்க முடியுமா?' என்று பதறுகிறோம். அதற்கு வெகுநாள் முன்பே நாம் கேட்டிருக்க வேண்டிய வினா, 'இதற்கு இன்னொரு படி உண்டா?' என்பதாகும்.

வன்தட்டின் இயல்பு

1956ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் உலகின் முதல் வன்தட்டுக் கணினியை அறிமுகப்படுத்தியது. ஐம்பது தட்டுகளைக் கொண்ட அப்பெருங்கருவியில் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் எழுத்துகளைச் சேமிக்கலாம். இன்று சட்டைப்பையில் அடங்கும் இரண்டு டெராபைட் வன்தட்டு, அதனைப்போல் நான்கு இலட்சம் மடங்கு கொள்ளும். கொள்ளளவு பெருகியதுபோல உறுதி பெருகவில்லை. தட்டு நிமிடத்திற்கு 5,400 முறையோ அதற்கு மேலோ சுழல்கிறது. தரவைப் படிக்கும் முனை, தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. அவ்விடைவெளி தலைமுடியின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே. மேசையிலிருந்து தவறி விழும் ஓர் அதிர்வே முனையைத் தட்டின்மீது மோதச் செய்யப் போதும்.

மீட்பின் வழிகள்

எல்லாப் பழுதும் ஒன்றல்ல. வெளிப்புற வன்தட்டில் சில வேளைகளில் தட்டு நலமாகவே இருக்கும். இணைப்பு வடமோ, கணினியோடு பேசும் சிறு மின்சுற்றுப் பலகையோ மட்டும் கெட்டிருக்கும். எனவே, வேறொரு வடத்தையும் வேறொரு கணினியையும் கொண்டு சோதித்தல் முதற்படி.

தவறுதலாக அழித்த கோப்பின் நிலை வேறு. நூலகத்தில் ஒரு நூலின் அட்டவணைச் சீட்டைக் கிழித்துவிட்டால் நூல் மறைந்துவிடுவதில்லை. அது அடுக்கிலேயே இருக்கும். வன்தட்டிலும் அவ்வாறே குறிப்பு மட்டுமே நீங்குகிறது. அவ்விடத்தில் புதிய கோப்பு எழுதப்படும்வரை பழைய தரவு அங்கேயே தங்கியிருக்கும். ஆதலால், கோப்பை இழந்தவுடன் அத்தட்டில் எதையும் எழுதாதிருத்தலே அறிவுடைமை. சுழலும் தட்டில்லாத திடநிலைச் சேமிப்பகங்களில் இவ்வாய்ப்பு மிகக் குறைவு. அழித்தவற்றை அவை பெரும்பாலும் தாமே விரைந்து துடைத்துவிடுகின்றன.

தட்டு தளர்ந்து, மெதுவாகவேனும் இயங்கினால், முதலில் அதனை முழுமையாக வேறொரு நல்ல தட்டிற்குப் படியெடுக்க வேண்டும். டிடிரெஸ்கியூ என்னும் கட்டற்ற மென்பொருள் இதற்கு உதவும். பின்னர், போட்டோரெக் போன்ற மென்பொருளால் அப்படியிலிருந்து கோப்புகளைத் தேடலாம். 'டிக், டிக்' என்னும் ஒலி எழுந்தாலோ உடனே மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தலும், வீட்டிலேயே திறந்து பார்த்தலும் எஞ்சியதையும் அழித்துவிடும். தூசியற்ற ஆய்வறையில் வல்லுநர்தாம் அதனைத் திறக்க வேண்டும்.

அவ்வல்லுநர்களின் திறம் வியப்புக்குரியது. 2003ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரோடு கொலம்பியா விண்ணோடம் சிதறியது. அதன் சிதைவுகளிடையே கருகிய வன்தட்டு ஒன்று கிடைத்தது. செனான் வளிமத்தின் பாகுநிலை குறித்த ஆய்வுத் தரவு அதில் இருந்தது. வல்லுநர்கள் அத்தட்டிலிருந்து ஏறத்தாழ 99 விழுக்காட்டுத் தரவை மீட்டனர். ஆய்வு முடிவு 2008இல் வெளியாயிற்று. எனினும், இதனை நம்பி நாம் வாளாவிருத்தல் கூடாது. தட்டில் கீறல் விழுந்து அழிந்த பகுதியின் தரவை எவராலும் மீட்க இயலாது. மேலும், ஆய்வறை மீட்புக்கு ஆகும் செலவு எளிய குடும்பங்களுக்கு எட்டாதது. வசதியுள்ளோரின் நினைவுகள் மட்டுமே மீளும் என்றால் அது நேர்மையான ஏற்பாடாகாது. படியெடுத்தல்தான் எல்லார்க்கும் எட்டும் காப்பு.

சுவடிகள் கற்பித்த பாடம்

இவ்வுண்மை தமிழர்க்குப் புதிதன்று. ஓலை நெடுங்காலம் நில்லாது என்பதை உணர்ந்தே நம் முன்னோர் தலைமுறைதோறும் ஏடு பெயர்த்தெழுதினர். உ.வே.சாமிநாதர் ஊர் ஊராகச் சென்று ஒரே நூலின் பல படிகளைத் தேடி ஒப்பிட்டார். ஒரு படியில் சிதைந்த அடி மற்றொரு படியில் கிடைத்தது. எந்தப் படியிலும் கிடைக்காதவற்றை அவராலும் மீட்க இயலவில்லை. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இன்றுவரை முழுமையாகக் கிடைத்தில. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் சாம்பலாயின. ஒன்றே ஒன்றாக இருப்பது என்றேனும் இல்லாமற்போகும் என்பதே இவ்விழப்புகள் கூறும் பாடம்.

கணினித் துறையினர் இதனை 'மூன்று, இரண்டு, ஒன்று' என்னும் எளிய நெறியாகக் கூறுவர். மூலத்தோடு சேர்த்து மூன்று படிகள். இருவேறு வகைச் சேமிப்புகள். அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில். 2015ஆம் ஆண்டு சென்னை வெள்ளம்போல ஒன்று வீட்டினுள் புகுந்தால், மேசைமேல் அருகருகே இருக்கும் இரு தட்டுகளும் ஒருசேர நனையும். மதிப்பெண் சான்றிதழ் தொலைந்தால் அரசிடம் மறுபடி பெறலாம். பாட்டியின் குரலை எந்த அலுவலகமும் மறுபடி வழங்காது.

'மேகச் சேமிப்பு இருக்கிறதே' என்பர் சிலர். அது நல்ல துணைதான். ஆனால், அதுவும் ஒரு படி மட்டுமே. கடவுச்சொல் மறந்தாலோ கணக்கு முடக்கப்பட்டாலோ அதுவும் கைவிட்டுப் போகும். கருவியோடு ஒத்திசைந்து இயங்கும் சேவையில், இங்கே அழித்தது அங்கேயும் அழியும்.

படி எடுத்தால் மட்டும் போதாது. அது திறக்கிறதா என்று அவ்வப்போது சோதிக்கவும் வேண்டும். 1998இல் 'டாய் ஸ்டோரி 2' திரைப்படத்தின் கோப்புகள் தவறான கட்டளையால் அழிந்தன. நிறுவனத்தின் காப்புப்படிகள் பயன்படாநிலையில் இருந்தமை அப்போதுதான் தெரிந்தது. குழந்தை பிறந்தபின் வீட்டிலிருந்து பணியாற்றிய கேலின் சஸ்மனின் வீட்டுக் கணினியிலிருந்த படியே படத்தைக் காத்தது.

நம் கடமை

'எல்லாவற்றையும் படியெடுப்பது இயலுமா?' என்னும் வினா எழலாம். எல்லாவற்றையும் காக்க வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான படங்களுள் எவை மீண்டும் கிடைக்காதவை என்று தேர்ந்தெடுத்தலும் காத்தலின் ஒரு பகுதியே. அத்தேர்வுக்குப் பின் எஞ்சுபவை பெரும்பாலும் ஒரு சிறு விரலியில் அடங்கிவிடும்.

மாணவர்க்கு மடிக்கணினி வழங்கிய மாநிலம் நம்முடையது. கருவியை இயக்கக் கற்பிக்கும் வகுப்பறை, அதில் உருவாக்கியதைக் காக்கவும் கற்பிக்க வேண்டும். பள்ளிக் கணினி ஆய்வகமும் ஊர்ப்புற நூலகமும் ஆண்டுக்கொருமுறை 'படியெடுக்கும் நாள்' நடத்தினால், கருவி வாங்க இயலாதோரும் தம் குடும்ப நினைவுகளைக் காக்க வழி பிறக்கும். முதியோரின் பழைய கைப்பேசியிலும் தட்டிலும் உள்ளவற்றை எடுத்துத் தரும் பணியை மாணவர்களே ஏற்கலாம். பிறர் கோப்புகளைத் திறந்து பார்க்காத நாணயமும் அப்பணியில் பயிலப்படும்.

நாளைய தலைமுறை நம் காலத்தை அறிவது நாம் விட்டுச்செல்லும் கோப்புகளின் வழியேதான். ஏடு பெயர்த்தெழுதியோரின் வழிவந்த நாம், அவர்கள் எழுத்தாணியால் பலநாள் செய்த பணியைச் சில நிமிடங்களில் செய்ய வல்ல கருவியைப் பெற்றிருக்கிறோம். தட்டு பழுதுபடுமுன் அப்பணியைச் செய்வோம்.