பட்டியலுக்கு உள்ளே, பட்டியலுக்கு வெளியே

அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் உத்தியோகம் பார்க்கும் என் தமக்கையார் மகனிடமிருந்து சில வாரங்களுக்கு முன் ஒரு மடல் வந்தது. "மாமா, எனக்குக் கணக்குப் படிப்பித்தவர் நீங்கள், இந்தக் கணக்கையும் செய்து தாருங்கள்" என்று எழுதி, அவனுடைய கொம்பனியார் கொடுத்த இரு வைத்தியக் காப்புறுதித் திட்டங்களின் விபரங்களையும் அனுப்பியிருந்தான். மனைவிக்குப் பித்தப்பையிற் கல், சத்திரசிகிச்சை வேண்டுமாம். மகனுக்குத் தொய்வு நோய். இரண்டு வாரத்துள் ஒன்றைத் தெரிந்தாக வேண்டும். விவாகம், பிள்ளைப்பேறு போன்ற காரணம் நேர்ந்தாலன்றி அடுத்த வருடம்வரை அதனை மாற்றுதல் பொதுவாக இயலாது.

அரசினர் வைத்தியசாலையிற் பணமின்றிச் சிகிச்சை பெற்றுப் பழகிய நமக்கு இஃது ஒரு புதிய உலகம். பிள்ளைகளை அங்கு அனுப்பியுள்ள பெற்றோரும், மேற்படிப்புக்குச் செல்ல எண்ணும் மாணவரும் இதனைச் சிறிது அறிந்திருத்தல் நன்று.

பி.பி.ஓ. என்னும் திட்டத்திற் காப்புறுதிக் கொம்பனி சில வைத்தியரோடும் வைத்தியசாலைகளோடும் குறைந்த கட்டணத்துக்கு உடன்படிக்கை செய்து ஒரு பட்டியல் வைத்திருக்கும். பட்டியலில் உள்ளவரிடம் சென்றாற் செலவு குறைவு. வெளியே உள்ளவரிடமும் செல்லலாம், செலவு மிகுதி. விசேட வைத்தியரைக் காண எவருடைய சிபார்சுக் கடிதமும் வேண்டுவதில்லை. எச்.எம்.ஓ. என்னும் மற்றைய திட்டத்திலோ, பெரும்பாலும் குடும்ப வைத்தியர் அனுப்பினால்தான் விசேட வைத்தியரிடம் போகலாம். அவசர சிகிச்சை தவிரப் பட்டியலுக்கு வெளியே ஒரு சதமும் கிடைப்பது அரிது. ஆனால் அதன் கட்டுப்பணம் பெரும்பாலும் குறைவு.

கட்டுப்பணத்தை மாத்திரம் பார்ப்பவர் ஏமாறுவர். ஓர் உதாரணம் காண்போம். பட்டியலுக்குள் முதல் 1,500 டொலர் நம் பொறுப்பு (இதனை 'டிடக்டிபிள்' என்பர்); அதன்மேல் நூற்றுக்கு 20 நம் பங்கு. சத்திரசிகிச்சைக்கு உடன்பட்ட கட்டணம் 11,500 டொலர் ஆயின், 1,500உம் எஞ்சிய 10,000இல் 2,000உம் சேர்ந்து 3,500 டொலர் நாம் செலுத்துவது.

இனி வெளியே போவோம். அங்கு முதற்பொறுப்பு 3,000, நம் பங்கு நூற்றுக்கு 40 என்று கொள்க. வைத்தியசாலை 20,000 கேட்கிறது. கொம்பனியோ 11,500தான் நியாயம் என்கிறது. 3,000உம் எஞ்சிய 8,500இல் 3,400உம் சேர்ந்து 6,400. இதனோடு முடிந்ததென்று எண்ணற்க. வைத்தியசாலை கேட்டதற்கும் கொம்பனி ஏற்றதற்கும் இடையேயுள்ள 8,500 டொலரும் நம் தலைமேல் விழும். மொத்தம் 14,900! வருடச் செலவுக்குச் சட்டம் வகுத்த உச்சவரம்பு, 2025இல் தனியொருவருக்கு 9,200 டொலர், பட்டியலுக்குள் நிகழும் செலவுக்கே உரியது. வெளியே அது காவாது.

பட்டியலில் உள்ள வைத்தியசாலையில், நாம் அறியாமலே மயக்கமருந்து கொடுப்பவர் வெளியாளாக இருப்பதும் உண்டு. முன்னர் இதனாற் பலர் கடனாளியாயினர். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம் இவ்வகை மேலதிகப் பில்லையும், அவசர சிகிச்சையில் எழுவதையும் தடுத்தது. தெருவில் ஓடும் அம்புலன்ஸ் வண்டி அச்சட்டத்துள் அடங்காமை வியப்பே.

கட்டுப்பணம் மாதம் 150 டொலர், வருடத்துக்கு 1,800 குறைவு என்பதால் எச்.எம்.ஓ.வையே கொள்ளுமாறு நான் முதலில் எழுதினேன். இரு பட்டியல்களிலும் சத்திரவைத்தியர் பெயரும் மகனைப் பார்க்கும் தொய்வு வைத்தியர் பெயரும் இருந்தன. எனினும், பட்டியலை நம்பாமல், திட்டத்தின் முழுப்பெயரையும் சொல்லி வைத்தியர் அலுவலகத்துக்கே தொலைபேசியில் கேட்கும்படியும் எழுதியிருந்தேன். கேட்டான். தொய்வு வைத்தியர் எச்.எம்.ஓ. பட்டியலிலிருந்து நீங்கிப் பல மாதங்களாம். பெயரை எவரும் எடுக்கவில்லை! இரவில் மூச்சு முட்டும்போது ஓடிப்போய்ப் பழகிய வைத்தியர் அவர். பி.பி.ஓ.வில் இன்னும் இருக்கிறார்.

"1,800 டொலர் போனாற் போகட்டும் மாமா" என்று மருமகன் பி.பி.ஓ.வுக்கே ஒப்பமிட்டான். என் கணக்கு பிழையன்று; அவன் முடிவும் பிழையன்று. இனிச் சத்திரசிகிச்சைக்குக் கொம்பனியின் முன்னனுமதி வேண்டும். அதனை எழுத்தில் வாங்கும்படி சொல்லியிருக்கிறேன். இதனை எழுதும்வரை அது வந்து சேரவில்லை.