சாத்தனூர் மரமும் எங்க பீக்கரும்

மினி ப்ராஜெக்ட்டில் பல்பு வாங்கின அனுபவம் உங்களுக்கு இருக்கா? அப்ப வாங்க பாஸ், நீங்க நம்ம கட்சி!

எங்க தலைப்பு என்னவோ கெத்தாத்தான் இருந்தது. ‘சோல்-ஜெல் முறையில் சிலிக்கா நானோ துகள் தயாரித்தல்.’ பெரம்பலூர், அரியலூர் பசங்களுக்கு ரொம்பப் பொருத்தம்னு சார்கிட்ட அளந்துவிட்டோம். காரணம், சிமென்ட். அது தண்ணியோட சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு மிச்சமாகும். அதில் பெரிசா பலம் கிடையாது. ரொம்பப் பொடிசான சிலிக்காவைக் கலந்தால், அந்த மிச்சத்தோட வினைபுரிந்து கான்கிரீட்டைப் பிடித்து நிறுத்துகிற பசையா மாத்திடும். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவுல பஸ்ஸில் காலேஜ் போறவங்க வேற எதைப் பத்தி ப்ராஜெக்ட் பண்றது, சொல்லுங்க!

மூலப்பொருள் டி.இ.ஓ.எஸ். என்கிற சிலிக்கான் திரவம். பார்க்கத் தண்ணி மாதிரி இருக்கும், விலை கையைக் கடிக்கும். நாலு பேர் பங்கு போட்டு வாங்கினோம். கூடவே எத்தனால். (அதை லேப் அண்ணன் பீரோவில் பூட்டி, சாவியைத் தன்னோடயே வைத்திருப்பார். ஏன்னு நீங்களே யோசிச்சுக்கங்க!) அப்புறம் தண்ணி, ஒரு வினையூக்கி. டி.இ.ஓ.எஸ்ஸைத் தண்ணி உடைக்கும். உடைந்த துண்டுகள் ஆக்சிஜன் வழியா ஒண்ணோட ஒண்ணு கைகோக்கும். துகள்களா மிதந்துகிட்டிருந்தா அது சோல். வலையா மாறிப் பாத்திரம் முழுக்கப் பரவிட்டா ஜெல். பேர்க் காரணம் அவ்வளவுதான்.

சீனியர் நோட்டு ஜெராக்ஸில் ‘வினையூக்கி: அமிலம்’ என்று இருந்தது. போட்டோம். வெள்ளிக்கிழமை மூடி வைத்துவிட்டு ஊருக்குப் போயாச்சு. திங்கட்கிழமை வந்து பீக்கரைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழலை. ஆறிப்போன ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி மொத்தமும் ஒரே கட்டி! ரிவ்யூவுக்கு மூணு வாரம். டி.இ.ஓ.எஸ். பாதி காலி.

சார் திட்டலை. “சாத்தனூர் மரத்தைப் போய்ப் பார்த்துட்டு வாங்கப்பா, அதுவும் உங்க கேஸ்தான்” என்றார். ஆலத்தூர் வட்டத்தில்தான் இருக்கு, ஆனா நாலு பேரில் மூணு பேர் அதுவரை போனதே இல்லை!

18 மீட்டர் நீளத்துக்கு மரம் படுத்திருக்கு. மரமில்லை, கல். சுமார் 12 கோடி வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பக்கமெல்லாம் கடல். அப்போ கடலடி மண்ணில் புதைந்த மரம். 1940-ல் புவியியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் இதைப் பதிவு செய்தார். சிலிக்கா கரைந்த தண்ணி மரத்துக்குள்ள ஊறி, செல்லுக்குச் செல் படிந்து, இறுகி, கடைசியில் கல்லாயிருக்கு. மரம் முழுசா மக்கறதுக்குள்ள சிலிக்கா அந்த வடிவத்தைப் பிடிச்சுக்கிச்சு. நாங்க பீக்கரில் பார்த்த அதே கைகோக்கிற வேலைதான். என்ன, எங்களுக்கு வந்தது கஞ்சிக் கட்டி.

திரும்பி வந்து ஒழுங்கா படிச்சோம். அமிலத்தில் சங்கிலி சங்கிலியா வளர்ந்து வலையாகிடும். பொடி வேணும்னா அம்மோனியா. 1968-ல் ஸ்டோபர், ஃபிங்க், போன் மூணு பேரும் வெளியிட்ட முறை அது. காரத்தில் ஒவ்வொரு துகளும் எதிர் மின்னூட்டத்தோட இருக்கும். ஒண்ணை ஒண்ணு தள்ளிவிடும். அதனால வலை பின்னாம தனித்தனி உருண்டையா வளரும்.

கலக்கி ஓடிக்கொண்டிருக்க, டி.இ.ஓ.எஸ்ஸைச் சொட்டுச் சொட்டா விட்டோம். அம்மோனியா நெடியில் கண்ணு ரெண்டும் குளமாச்சு. (ஃப்யூம் ஹுட் இல்லாம யாரும் முயற்சி பண்ணிடாதீங்க.) கொஞ்ச நேரம் ஒண்ணுமே ஆகலை. அப்புறம் மெல்ல ஒரு நீலச் சாயல், சொட்டு நீலம் போட்ட வேட்டி மாதிரி! துகள் பிறந்து வெளிச்சத்தைச் சிதறடிக்குதுன்னு அர்த்தம். அடுத்து பால் வெள்ளை. சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, எத்தனாலில் கழுவி, காயவைத்தால் வெள்ளைப் பொடி. லேப் அண்ணனே கைகுலுக்கினார்.

எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் படத்துக்கு வெளியூர் அனுப்பினோம். வந்த படத்தில் எல்லாம் அழகான உருண்டை. ஆனா ஒவ்வொண்ணும் சுமார் 300 நானோ மீட்டர். 100-க்குள்ள இருந்தாத்தான் கறாரா நானோ. ரிவ்யூவில் சார் கேட்ட ஒரே கேள்வி, “தலைப்பில் இருக்கிற நானோ எங்கப்பா?”

அம்மோனியாவையும் தண்ணியையும் குறைத்தால் உருண்டை சின்னதாகும். பாட்டிலில் இன்னும் ஒரு தடவைக்குத்தான் டி.இ.ஓ.எஸ். இருக்கு. எத்தனால் சாவிக்கு லேப் அண்ணன்கிட்ட திங்கட்கிழமை காலையிலேயே சொல்லி வெச்சாச்சு.